சுண்ணாம்பு தடவிய கலயம்

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் ஒருநாள் கார் எடுத்து, வழியில் இரண்டு விஸ்கி வடிசாலை, ஒரு பழங்கோட்டை என்று சுற்றி வருவார்கள். தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் சாலையைப் பிடித்தால் நமக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. வடிசாலைக்குப் பதில் உடன்குடிப் பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிகள். கோட்டைக்குப் பதில் கொற்கையும் காயல்களும். போகிற வழியெல்லாம் காதில் விழும் கதைகளைத்தான் கொஞ்சம் வடிகட்டிக் கேட்க வேண்டும்.

முதல் கதை, கொற்கையைக் கடல் கொண்டுபோய்விட்டது என்பது. பூம்புகாரின் கதையை இங்கே ஒட்டவைத்துவிட்டார்கள். நடந்தது நேர்மாறு: கடல் கொற்கையை விட்டு விலகிப் போனது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் பாண்டியரின் துறைமுகம் தூர்ந்தது. இன்று ஊரைச் சுற்றி வாழையும் நெல்லும்தான். கடலைப் பார்க்கச் சில கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். மொழியறிஞர் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரி, கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கப்பட்டது. கடல் நகர நகரத் துறைமுகமும் பின்னாலேயே போயிருக்கிறது. மார்க்கோ போலோ ‘காயல்’ என்று எழுதிய பழையகாயல், பிறகு போர்த்துகீசியர் காலத்துப் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. அந்த ஒரே நாளில் இந்த வரிசை முழுவதையும் பார்த்துவிடலாம்.

புன்னைக்காயலில் இறங்கினால், தமிழின் முதல் அச்சு நூல் இங்கேதான் அச்சானது என்பார்கள். அவர்கள் சொல்லும் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் அச்சேறியது கொல்லத்தில். அதைத் தமிழாக்கிய ஹென்ரிக்கஸ் பாதிரியார் இந்தக் கரையில் பல ஆண்டுகள் இருந்தவர் என்பது மட்டும் சரி. எதிர்த்திசையில் இருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் காரைத் திருப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கோட்டை 1974இல் கட்டிய நினைவுக்கோட்டை. கட்டபொம்மன் வம்சத்துக் கோட்டையைக் கும்பினியார் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பைப் பார்க்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இப்போது மூழ்குகிறவர்கள் சங்கு எடுக்கிறவர்கள். சுவாதி மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்ற பழைய நம்பிக்கையை யாரும் இப்போது சொல்வதில்லை. மணல் துகள் விழுந்தால் முத்தாகும் என்பது அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. மணலோடு வாழும் சிப்பிக்கு அதைத் துப்பத் தெரியாதா? பெரும்பாலும் ஒட்டுண்ணியோ காயமோதான் காரணம். சிப்பியின் மேலுறைத் திசு உள்ளே புகுந்து பை போல வளர்ந்தால், அந்தப் பைக்குள் முத்து படியும். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்த்தபோதும், ஓட்டிலிருந்து செய்த மணியோடு ஒரு துண்டுத் திசுவையும் சேர்த்தேதான் வைத்தார்கள்.

இனி உடன்குடி. தேரியின் செம்மண்ணில் பனைகள் தெரியத் தொடங்கியதும் வண்டியில் யாராவது ஒருவர், “கள்ளு கிடைக்குமா?” என்பார். பதநீரும் கள்ளும் ஒன்றுதான், பதநீர் கொஞ்சம் லேசானது என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பாளையில் வடிவதுதான். பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தாக்கிவிடும், அது கள். சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்ட்டை வேலை செய்யவிடாது. போதைக்கும் இனிப்புக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு பூச்சுதான்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. பனை நம் மாநில மரம். அதன் கள் குற்றம். ஆனால் மொலாசஸிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்த ‘விஸ்கி’யை அரசுக் கடையே விற்கிறது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடமராட்சியில் உள்ள திக்கத்தில், பனங்கள்ளைச் சாராயமாக வடிக்க ஒரு வடிசாலையே அமைத்தார்கள்.

கருப்பட்டியைப் பற்றிய நம்பிக்கைதான் உடம்பைத் தொடுகிறது. சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று விற்கிறார்கள். பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. எட்டுப் பத்து லிட்டரை விடிலி அடுப்பில் ஏற்றி, பாகாகும்வரை கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. தண்ணீர்தான் ஆவியாகிறது, சர்க்கரை எங்கும் போவதில்லை. இரும்பு போன்ற தாதுக்கள் கொஞ்சம் கூடுதல், மணம் மிகக் கூடுதல். இரத்தச் சர்க்கரைக்கு அது சர்க்கரையேதான். கறுப்பாக இருந்தால்தான் அசல் என்பதும் நம்பத்தக்கதல்ல. சீனிப்பாகு கலந்தும் கறுப்பாக்கலாம்.

கோடையில் போகிறவர்கள் உடன்குடியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பதநீர் காலையில் இறங்கும். வெயில் ஏற ஏறச் சுண்ணாம்பையும் மீறிப் புளிக்கத் தொடங்கிவிடும். கொற்கையைச் சாயங்காலம் பார்க்கலாம்.