ஊர் வீட்டில் ஒரு தண்டர்போல்ட்

நான் இருப்பது சென்னையில், என் கடிகாரம் இருப்பது தென்காசிப் பக்கம் ஊர் வீட்டில். அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி அளவுக்குத்தான் வானம் தெரியும். அங்கே மொட்டை மாடி முழுக்க வானம். கடிகாரம் என்றாலும் அதற்கு முள் கிடையாது. டிரிம்பிள் நிறுவனத்தின் தண்டர்போல்ட் என்ற பெட்டி அது. தொலைத்தொடர்பு நிலையங்களில் உழைத்து முடித்து, பழைய சாமானாக ஹாம் ரேடியோக்காரர்கள் கைக்கு வந்த ரகம். உள்ளே சூடாகவே வைத்திருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் அலையும் நொடிக்கொரு துடிப்பும் வெளியே வரும்.

இதைத் தூரத்திலிருந்து நடத்த நினைப்பவர்கள் முதலில் மின்சாரத்தைப் பிரியுங்கள். பெட்டிக்குத் தனி யுபிஎஸ், அதோடு பேசும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிக்கும் ரூட்டருக்கும் வேறு வேறு பிளக். மாட்டிக்கொண்டு முழிப்பது பெரும்பாலும் பைதான். அதை ஸ்மார்ட் பிளக் வழியாக அணைத்துப் போடலாம். பெட்டியை அப்படிச் செய்தால் படிகம் ஆறிவிடும். மறுபடி சூடேறி நிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். பெட்டியின் மின்சாரத்தை இங்கிருந்து அணைக்க நான் வழியே வைக்கவில்லை.

பெட்டியின் சீரியல் போர்ட்டை அப்படியே இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். அதற்குக் கடவுச்சொல் ஏதும் கிடையாது. உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் அமைப்புகளை மாற்றலாம், அழிக்கலாம். வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாகத்தான் நான் போகிறேன். பையில் சீரியல் போர்ட்டை நெட்வொர்க்குக்குக் கடத்தும் செர்2நெட் ஓடுகிறது, சென்னை மடிக்கணினியில் பெட்டியைக் கண்காணிக்கும் லேடி ஹெதர் மென்பொருள். இரண்டு மென்பொருள்களை ஒரே போர்ட்டில் விட்டால் ஒன்றின் பதிலை இன்னொன்று தின்றுவிடும்.

துல்லியத்தை இணையம் வழியாக அளக்க நினைப்பது வீண். நெட்வொர்க் தாமதம் மில்லி நொடிக்கணக்கில் ஆடும். நாம் பார்க்க வேண்டியதோ நானோ நொடி. அளப்பது அங்கேயே நடக்கட்டும், எண்கள் மட்டும் நம்மிடம் வரட்டும். நான் தினமும் பார்ப்பது இரண்டே கோடுகள்: வெப்பநிலை, படிகத்தைத் திருத்தும் டிஏசி மின்னழுத்தம். யாராவது அறையில் ஃபேன் போட்டாலே இரண்டும் சேர்ந்து நெளியும். காற்று நேராகப் படாமல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்த பிறகு அந்த நெளிவு வெகுவாகக் குறைந்தது. காசு கொடுத்து வாங்கிய எதுவும் இத்தனை பலன் தரவில்லை.

ஆன்டெனாவுக்கு டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளே போதும். 75 ஓம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். மீட்டருக்குச் சுமார் 4 நானோ நொடி தாமதம், 20 மீட்டருக்கு 80. அதை அமைப்பில் எழுதிவிடுங்கள். ஆன்டெனா இருக்கும் இடத்தை 48 மணி நேர சர்வே ஓட்டிக் கணித்துச் சேமியுங்கள். இடத்தில் ஒரு மீட்டர் பிசகினால் நேரத்தில் 3 நானோ நொடி வரை பிசகலாம். இடம் சரியாகப் பதிந்துவிட்டால் ஒரேயொரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் கிடைக்கும்.

இடி மின்னலுக்கு மட்டும் ஊரில் ஒரு ஆள் வேண்டும். அரெஸ்டரும் எர்த்தும் போட்டிருந்தாலும் ஐப்பசி மழையில் ஆன்டெனா வயரைக் கழற்ற எனக்கு அம்மாதான் துணை.

“அம்மா, சிவப்பு டேப் சுத்துன வயரை மட்டும் கழத்துங்க.”

“கழத்துனா உன் கடிகாரம் நின்னுறாதால?”

“நிக்காதும்மா, அதுபாட்டுக்கு ஓடும்.”

ஓடத்தான் செய்யும். செயற்கைக்கோள் இல்லாத நேரத்தில் படிகத்தை நம்பி ஓடும். சில மணி நேரத்தில் மைக்ரோ நொடிக்கணக்கில்தான் விலகும். வயரை மறுபடி மாட்டியதும் தானாகவே திரும்பி வரும். அந்தச் சமயத்தில் ரீசெட் பக்கம் போகாதீர்கள்.

பெட்டி காட்டும் பழைய தேதியைப் பார்த்தும் பதற வேண்டாம். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கொருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளும் விதத்தால் 2017 ஜூலை 30 அன்று தண்டர்போல்ட் 1997 டிசம்பருக்குப் போய்விட்டது. 10 மெகாஹெர்ட்ஸுக்கும் நொடித் துடிப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. லேடி ஹெதர் அந்த 1024 வாரத்தைக் கூட்டிச் சரியான தேதியைக் காட்டிவிடும். பதிவுக் கோப்பில் பெட்டி சொல்லும் நேரத்தையும் பையின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வையுங்கள்; கரண்ட் போய் வந்ததும் பை கொஞ்ச நேரம் பழைய தேதியைச் சொல்லும், அந்த வரிகளைத் திருத்த அது உதவும்.