அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசை நகர்வது எப்படி?

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். இன்றைக்கும் அங்கே வீட்டில் தமிழும் கடையில் தெலுங்குமாகப் பேசுகிறவர்கள் உண்டு. என் தாய்மாமா குடும்பம் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, இராச் சாப்பாடு முடிந்ததும் அவருக்கு மேல்வயிற்றில் எரிச்சல். வியர்த்துக் கொட்டியது. "வாய்வுதான்டா, சோடா வாங்கிட்டு வா" என்றார். நான் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

சீட்டு வாங்கினோம். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அடுத்த நிமிடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு பத்திருபது பேர் கூச்சலோடு உள்ளே நுழைந்தார்கள். ஊழியர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் எழுந்தேன். "முதல்ல அவனப் பாக்கட்டும்டா, சின்னப் பையன்" என்று மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பையனுக்கு மணிக்கட்டு முறிவும் சிராய்ப்பும் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. மாமாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தபோது நாங்கள் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மாரடைப்பு. அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதிக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். ஆனால் இப்போது மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்காமல் அவரால் ஏற முடியாது.

நான் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன், மருத்துவன் அல்லன். ஆனால் வரிசை என்பது என் தொழில். ஆகவே அந்த இரவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் நம் வாசகர்களுக்குப் பயன்படக்கூடியதை எழுதுகிறேன்.

திருப்பதி வரிசையை அறியாதவர் நம்மில் யார்? மலைமேல் வைகுண்டம் வளாகத்தில் கூடம் கூடமாக உட்கார வைத்து, முன்னால் வந்தவரை முன்னால் விடுகிறார்கள். தரிசனத்துக்கு அது நியாயம். அவசர சிகிச்சைக்கு அதுவே அநியாயம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி "யார் முன்னால் வந்தார்?" என்பதன்று, "யாரால் காத்திருக்க முடியாது?" என்பதே. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, காயம்பட்டவர்களைப் பதவி பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தினார். 'ட்ரையாஜ்' என்று இதைச் சொல்கிறார்கள். பிரெஞ்சில் தரம் பிரிப்பது என்று பொருள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வாசலிலேயே பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு ஆகியவற்றைப் பார்த்து நிறம் கொடுத்தால், சத்தம் போடுகிறவர் முந்த முடியாது. சத்தமில்லாமல் வியர்த்துக்கொண்டிருப்பவரும் விடுபட மாட்டார். நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட விதி.

அடுத்தது கணக்கு. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் தொலைபேசி இணைப்புகளுக்காக 1909-ல் தொடங்கிய கணக்கு இது. ஒரு மருத்துவர்; நோயாளிக்குச் சராசரி பத்து நிமிடம். அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதமானால் 90 நிமிடம். 95 ஆனால் மூன்று மணி நேரத்துக்கும் மேல்! கூட்டம் கொஞ்சம் ஏறினாலே காத்திருப்பு பல மடங்கு ஏறுகிறது. "டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே" என்று முணுமுணுக்கிறோம். அந்த ஓய்வு நேரம்தான் அடுத்து வருகிறவரின் உயிர் என்பது எங்கள் தொழிற்சாலை மேலாளர்களுக்கே பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

இன்னொரு விதி, ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்றால், மணிக்கு வருகிறவர்களை ஒவ்வொருவரும் தங்கும் மணிகளால் பெருக்க வேண்டும். மணிக்குப் பத்துப் பேர் வந்து மூன்று மணி நேரம் தங்கினால் 30 பேர். அதே பத்துப் பேர் ஆறு மணி நேரம் தங்கினால் 60 பேர். ஒரு நோயாளிகூட அதிகமாக வரவில்லை, கூட்டம் மட்டும் இரண்டு மடங்கு!

ஏன் ஆறு மணி நேரம் தங்குகிறார்கள்? நம் ஏரிக்கரை மனிதர்களுக்கு இது எளிதில் புரியும். மதகு அடைத்துக்கொண்டால் மழை இல்லாமலே ஏரி தளும்பும். சிகிச்சை முடிந்து மேல்மாடி வார்டுக்குப் போக வேண்டியவர், அங்கே படுக்கை காலியில்லாததால் கீழேயே ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். மேலே வீடு திரும்ப வேண்டியவரோ காலையில் டாக்டர் அனுமதி கொடுத்தும், பில்லும் இன்சூரன்ஸ் ஒப்புதலும் முடியாமல் மாலைவரை படுக்கையிலேயே இருக்கிறார். வாசலில் தெரிகிற நெரிசலுக்கு மருந்து பெரும்பாலும் மேல்மாடியிலும் கணக்குப் பிரிவிலும் இருக்கிறது. இங்கிலாந்தில் நான்கு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லோரையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று 2004 முதல் இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது உண்மை. ஆனால் கெடு முடியும் கடைசி நிமிடங்களில் திடீரென்று ஏராளமானோர் வார்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மாதக் கடைசியில் எங்கள் தொழிற்சாலையும் அப்படித்தான் சரக்கு அனுப்பும்!

ஆந்திரத்தில் 108 ஆம்புலன்ஸ் 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அருமையான சேவை. ஆனால் வண்டி வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கிற அளவுக்கு உள்ளே ஏற்பாடு வேண்டும். 2025 ஜனவரி 8 இரவு, திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் ஒரே நேரத்தில் ரூயா அரசு மருத்துவமனைக்கும் ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தார்கள். ஒரு வரிசை உடைந்தால் அந்தப் பாரம் அப்படியே இன்னொரு வரிசையில் இறங்குகிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே போங்கள். ஒருவருக்கு நான்கு பேர் என்றால் 30 நோயாளிக்கு 120 பேர். நர்ஸ் எங்கே நடப்பார்? சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் பழைய ஈ.சி.ஜி. நகலையும் கையில் வைத்திருங்கள். சீட்டு எழுதும் இடத்திலேயே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பாம்புக்கடி என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். சித்தூரில் தமிழிலேயே சொல்லிவிடலாம். திருப்பதியில் 'குண்டெ நொப்பி' என்றால் நெஞ்சுவலி, 'ஊபிரி ஆடடம் லேது' என்றால் மூச்சு விட முடியவில்லை.

மாமா இப்போது ஈ.சி.ஜி. நகலை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். போன மாதம் தொலைபேசியில், "மறுபடி அப்படி ஆச்சுன்னா நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன்டா, முதல்ல என்னைப் பாருங்கன்னு கேட்டுடுவேன்" என்றார். அத்தை பின்னாலிருந்து, "இவராவது கேக்கறதாவது" என்றாள்.