சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. அரியலூரில் புதிதாகத் திறந்த இயற்கை அங்காடியில் இரட்டை விலை கொடுத்துப் பருப்பும் முந்திரியும் வாங்குவதாகவும், அதெல்லாம் நிஜந்தானா என்றும் கேட்டிருந்தாய். காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம், போகட்டும்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பார். முன்பக்கத்து மாட்டுவண்டிப் படமும், 'பாரம்பரியம்', 'கெமிக்கல் இல்லாதது' என்ற எழுத்தும் அச்சகக்காரரின் கைவேலை. 'ஆர்கானிக்' என்று போட்டு விற்கத்தான் 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டு வந்தது. 'ஜைவிக் பாரத்' முத்திரை வேண்டும். அதற்குப் பின்னால் 'இந்தியா ஆர்கானிக்' சான்றோ, விவசாயிகள் குழுவாகக் கூடி ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துத் தரும் பி.ஜி.எஸ். சான்றோ இருக்க வேண்டும். பி.ஜி.எஸ். 'கிரீன்' என்றிருந்தால் நிலம் இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முழு விலை கொடுக்காதே.

கடைச் சுவரில் சட்டம் போட்டுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் நீ ஏமாறுகிறாய். சான்று ஒரு நிலத்துக்கு, குறிப்பிட்ட பயிருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. கடையில் உள்ள எல்லாவற்றுக்கும் அல்ல. ஆண்டிமடத்துத் தோப்பு முந்திரிக்கு வாங்கிய சான்று, பக்கத்து மூட்டைத் துவரைக்குச் செல்லாது. யார் பெயரில், எந்தப் பயிருக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்ற மூன்றையும் படி.

க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினேன், பச்சை டிக் வந்தது என்று சொல்லாதே. 2020இல் இயற்கைப் பருத்தித் துணிக்கு உலகளவில் சான்றுத் தரம் வகுக்கும் காட்ஸ் அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்து 11 நிறுவனங்களை விலக்கியது. அந்தக் காகிதத்திலிருந்த க்யூஆர் கோடு, அரசுத் தளத்தை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த போலித் தளத்துக்குப் போயிருக்கிறது. அதனால் மத்திய அரசின் அபேடா தளத்தின் முகவரியை நீயே அடித்து உள்ளே போய்ச் சான்று எண்ணைத் தேடு. இல்லையென்றால் சான்று கொடுத்தவர்களையே கேள். நம் மாநிலத்தில் அங்ககச் சான்றளிப்புத் துறை 2007 முதல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

உழவர் சந்தையில் நேரடியாக விற்கும் சிறு விவசாயியிடம் முத்திரை கேட்டு மல்லுக்கு நிற்காதே. அவருக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. சின்ன வெங்காயத்தில் இலைப்பேன் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேள். உண்மையாகப் பயிர் செய்தவர் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசுவார். காட்டைப் பார்க்கலாமா என்றால் வழியும் சொல்வார். பூச்சி துளைத்த கத்தரிக்காய்தான் இயற்கை என்பது வெறும் பேச்சு. மருந்தடித்த செடியிலும் புழு துளைக்கும்.

உனக்கு இது பிள்ளைக்குக் கொடுக்கும் சோற்றின் கவலை. எனக்கு இன்னொன்றும் உண்டு. 2017இல் நம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்கள் அந்த நஞ்சை மூச்சில் இழுத்துச் செத்தார்கள். மருந்தை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குறைவைத் தாங்கி நிலத்தை மாற்றுகிறவனுக்குச் சேர வேண்டிய காசு, போலி பாக்கெட்காரனுக்குப் போகக்கூடாது.

அடுத்த முறை அந்தக் கடையில் முந்திரிக்கான சான்றை மட்டும் கேட்டுப் பார். முத்திரை போட்டும் காட்ட மறுத்தால், பாக்கெட்டோடும் பில்லோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் எழுதிக் கொடு.

இப்படிக்கு,
பெரியப்பா,
செட்டிகுளம்