பாடம் 8: அதிகாரத்திற்கு ஒரு கரை

நுழையும் முன்

வண்டிப்பெரியார் வழியே பாயும் பெரியாறு, கரைகளுக்குள் ஓடும் வரையில் ஊருக்குத் துணையாகிறது. கரை கடந்தால் ஊரையே வருத்துகிறது. அரசின் அதிகாரமும் அத்தகையதே. அதற்குக் கரை எது? இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர் இராஜாஜி.

பாடப்பகுதி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் இராஜாஜி, 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற அவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கு 1922இல் அவர் எழுதிய நாட்குறிப்பு வியப்பூட்டுவதாகும். விடுதலை கிடைத்தவுடன் நல்லாட்சி வந்துவிடாது. தேர்தல் ஊழலும் செல்வரின் ஆதிக்கமும் நிருவாகச் சீர்கேடும் மக்களை வாட்டும் என்று அவர் எச்சரித்தார். இளமையிலேயே நல்லொழுக்கத்தை வளர்க்கும் கல்வி அனைவருக்கும் கிடைப்பதே அதற்கு மருந்து எனக் கருதினார்.

பதவியை அவர் தம் உடைமையாக எண்ணவில்லை. 1942இல் பாகிஸ்தான் கோரிக்கை குறித்த தம் கருத்தைக் காங்கிரசு ஏற்காதபோது, கட்சியிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கினார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. அத்தகைய உயர்பதவியை வகித்தவர், 1952இல் சென்னை மாநில முதலமைச்சராகப் பணியாற்றவும் தயங்கவில்லை.

1959இல் அவர் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். தொழில் தொடங்குவோர் ஒவ்வொன்றுக்கும் அரசின் அனுமதியை வேண்டி நிற்கும் நிலையை, ‘பெர்மிட், லைசென்சு ஆட்சி’ எனச் சாடினார். அனுமதி வழங்கும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால், கையூட்டும் சலுகையும் பெருகும். குடிமகனின் சுதந்திரம் சுருங்கும் என்பது அவர் வாதம்.

ஆயினும், அவர் கையில் இருந்த அதிகாரமும் கரை கடந்ததுண்டு. மாகாணப் பிரதமராக இருந்தபோது 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்த்துப் போராடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். பிற்காலத்தில் இராஜாஜியே இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், மாணவர் அரைநாள் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வகைசெய்தது. அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் எனப் பலரும் எதிர்த்தனர். எதிர்ப்பு வலுத்த சூழலில் 1954இல் அவர் பதவி விலகினார்.

இவ்விரு திட்டங்களையும் முன்னின்று எதிர்த்தவர் தந்தை பெரியார் ஈ.வெ.ரா. எனினும், கருத்து வேறுபாடு இருவரின் நட்பைக் குலைக்கவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தபோது, முதுமையிலும் இறுதிச் சடங்கிற்கு வந்த பெரியார் கண்ணீர் வடித்தார்.

நல்லவர் கையில் உள்ள அதிகாரத்திற்கும் கரை வேண்டும் என்பதை இராஜாஜியின் கருத்துகள் உணர்த்துகின்றன; அவரது வாழ்வும் அதனையே மெய்ப்பிக்கிறது.

அருஞ்சொற்பொருள்

உடைமை – சொந்தப் பொருள்
கையூட்டு – இலஞ்சம்
சாடினார் – கடிந்து பேசினார்
மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இராஜாஜி பிறந்த ஊர் ________.
2. சுதந்திராக் கட்சி தோன்றிய ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. வேலூர்ச் சிறை நாட்குறிப்பில் இராஜாஜி விடுத்த எச்சரிக்கை யாது?
2. 1942இல் அவர் கட்சியிலிருந்து விலகியது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
1953ஆம் ஆண்டுத் திட்டம் போன்ற ஒன்று தேயிலைத் தோட்டப் பகுதியில் நடைமுறைக்கு வந்தால், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் எதிர்காலம் எவ்வாறு அமையும்? வகுப்பில் கலந்துரையாடி ஒரு பத்தி எழுதுக.