சவுக்கின் வேரடியில்

கேள்வி: எங்கள் கடற்கரை மணலில் யூரியாவையே கண்டறியாத சவுக்கு செழித்து நிற்கிறதே, எப்படி? (ஒரு வாசகர், கட்டுமாவடி)

பதில்: வேர் மண்ணிலிருந்து உண்பதோடு நில்லாமல், இலைகள் சூரிய ஒளியில் ஆக்கிய சர்க்கரையிலும் அமிலங்களிலும் ஒரு பங்கை வெளியே கசியவிட்டு, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களை ஆகர்ஷித்துப் போஷிக்கவும் செய்வதனாலேயே, அதைச் சூழ்ந்த மண்ணுக்கு 1904-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹில்ட்னர் தனிப் பெயரே சூட்டினார். சவுக்கின் வேரைத் தோண்டிப் பாருங்கள். பவளக்கொத்துப் போன்ற பழுப்பு முடிச்சுகள் தென்படும். வேர்க்கசிவின் ரசாயனங்கள் துணைபுரிய அங்கே குடியேறிய பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உரமாக்கித் தருகிறது; பிரதியுபகாரமாகச் சர்க்கரை பெறுகிறது. இந்த நுண்ணுயிர் நாற்றுகளையும் சேர, புது நாற்றங்காலில் பழைய தோப்பின் வேரடி மண்ணைச் சிறிது கலந்துவிடுங்கள். நோயுற்ற தோப்பின் மண் மட்டும் வேண்டாம்.