1929 பிள்ளை பிடிக்கிற நம்பர் அல்ல

மயிலிட்டிப் பக்கம் அடி வாங்கும் எந்தத் தாயோடு பேசினாலும் பேச்சு கடைசியில் இதில்தான் வந்து முட்டுகிறது: "1929க்கு அடிச்சா பிள்ளையைக் கொண்டுபோய் இல்லத்தில போட்டிடுவாங்கள்." பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், சங்கக் கடையில் சொல்கிறார்கள், படிப்பிக்கிற ஆசிரியரும் சொல்கிறார். யாருடைய பிள்ளையை, எந்த வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "அப்பிடித்தான் கேள்விப்பட்டனாங்கள்." இந்தக் கேள்விப்பட்ட கதையை நம்பி, இரவில் தாய்க்கு விழும் அடியைப் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இந்தப் பயத்தின் வேர் எனக்கு விளங்காமல் இல்லை. 1990 ஜூனில் ஊரோடு எழும்பிய சனம். 2017 ஜூலையில் இராணுவம் துறைமுகத்தோடு 54 ஏக்கரை விடும்வரை 27 வருடம், பலருக்குக் கோணப்புலத்திலும் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம் வாழ்க்கை. காணியை எடுத்தவர்கள் பிள்ளையையும் எடுப்பார்கள் என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை வைத்துக் கதையை உண்மையாக்க முடியாது.

நடப்பதைச் சொல்கிறேன். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை, பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லவும் தேவையில்லை. முறைப்பாடு பொலிஸின் பெண்கள், சிறுவர் பிரிவுக்கோ பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தர்களுக்கோ போகும். அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், தாயோடும் பிள்ளையோடும் பேசுவார்கள். பிள்ளையை வேறிடத்தில் வைப்பதா என்ற கேள்வி எழுந்தால் அதைத் தீர்மானிப்பவர் நீதவான். தொலைபேசியை எடுத்தவருக்கும் வீட்டுப் படியேறி வந்தவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை யாராவது இந்தச் சனத்துக்கு வாசித்துக் காட்டியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் ஓடியிருக்காது. அந்தச் சட்டத்தின்படி வெளியே போகவேண்டியவர் அடிக்கிறவர். பிள்ளைக்காகத் தாய் மனுச் செய்யலாம், பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். இங்கிருந்து மல்லாகம் நீதவான் நீதிமன்றம் தூரமும் இல்லை. அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும், 14 நாளுக்குள் விசாரணை, அதன்பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. சேர்ந்திருந்த வீட்டுக்குள் அவர் கால் வைக்கக்கூடாது என்றும் நீதவான் சொல்லலாம். வீடு அவருடைய பெயரில்தானே என்று உடனே கேட்பார்கள். பெயர் யாருடையதாக இருந்தாலும் சொல்லலாம்.

பிறகு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் யார்? பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமை, தகப்பனின் இரண்டாம் கலியாணம், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனது என்று குடும்பமே கூட்டிவந்து விட்ட பிள்ளைகள் அநேகம். ஊர் வாய்மூடி இருந்து, ஒருநாள் தாய் தாங்காமல் ஓடிப்போனாலோ ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ, பிள்ளைக்கு இல்லத்தைத் தவிர வேறு இடம் இருக்காது. எதற்குப் பயந்து பேசாமல் இருந்தீர்களோ அங்கேதான் அது போய்ச் சேரும். தயவுசெய்து இந்தக் கதையை இன்னொரு தாயின் காதில் ஓதாதீர்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. "சின்னதுக்கு என்ன விளங்கும்?" பேச்சு வராத குழந்தைக்கும் சத்தம் விளங்கும். நித்திரை குழம்பும், நின்றுபோன சலம் திரும்பப் பாயில் போகும், தாயின் சட்டையை விடாது. பிள்ளை பயந்துபோச்சு என்று நூல் கட்டுவது உங்கள் விருப்பம், ஆனால் கட்டிவிட்டு வீட்டுக்குள் அடி தொடர்ந்தால் நூல் என்ன செய்யும்?

"செல்லடி கண்ட சனத்துக்கு இது ஒரு விசயமே?" சுனாமி முடிந்த கையோடு வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளாடியா கட்டானி குழுவினர் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. போரும் கடலும் மட்டுமல்ல, வீட்டு வன்முறையும் அந்தப் பிள்ளைகளின் மனவடுவோடு தொடர்புபட்டிருந்தது. தகப்பனின் குடி கூடிய வீடுகளில் பிள்ளைக்கு அடியும் கூடியிருந்தது. ஒன்றைக் கண்டால் மற்றது உறைக்காது என்பது பிழை, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

"அவனும் தகப்பனைப் போலத்தான் வருவான்." இதைப் பிள்ளை கேட்கவே சொல்கிறவர்களை என்ன செய்வது? 118 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003 ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில், வன்முறையைக் கண்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மற்றப் பிள்ளைகளுக்குக் குறையாமல்தான் இருந்தார்கள். பிள்ளை நம்பக்கூடிய ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. அது அம்மம்மாவாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், வகுப்பாசிரியராகவும் இருக்கலாம்.

அந்தப் பெரியவர் செய்யவேண்டியது அதிகமில்லை. கிண்டிக் கிண்டிக் கேட்காமல், சொல்ல வரும்போது கேட்கவேண்டும். "உன்னில பிழை இல்லை" என்பதை ஒருமுறையல்ல, பலமுறை சொல்லவேண்டும். சண்டைக்கு நடுவே புகாமல் எந்த வீட்டுக்கு ஓடிவரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். தாய் தகப்பனுக்கு இடையில் பிள்ளையைத் தூது அனுப்பக்கூடாது. சில கிழமைகளில் பிள்ளை தேறாவிட்டால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று சொல்வார்கள் என்பது இன்னொரு கதை, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

வகுப்பாசிரியர் என்றதும் கோபம் வருகிறது. இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் பிந்தி வருகிறது, வாசலிலேயே பிரம்பு. வீட்டில் கண்டதைப் பள்ளியிலும் கண்டால் அது யாரிடம் போய் வாய் திறக்கும்? உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட மாணவனுக்கு நட்டஈடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இன்னும் "அடியாத மாடு படியாது" என்றுதான் பதில் வருகிறது. அதிபர்மார் பிரம்புகளை அலுமாரியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். மத்தியானச் சாப்பாடு சமைக்கும் அம்மாவிடம் விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்.