வேலையை விடலாமா? எக்செல் சொல்லும் பதில்

ஐம்பது வயதிலேயே வேலையை விட்டுவிட்டு, சேர்த்த பணத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சேர்த்தால் போதும்?" என்பதுதான். ஒரு கோடியா, இரண்டு கோடியா?

சேமிப்பை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு கோடி ரூபாய் வைத்துக் கொண்டு வருடத்துக்கு மூன்று லட்சம் செலவு செய்பவரும், அதே ஒரு கோடியில் பத்து லட்சம் செலவு செய்பவரும் ஒன்றல்ல. செலவையும் சேமிப்பையும் சேர்த்துக் காட்டும் ஓர் எண் வேண்டும். அதுதான் பணம் எடுக்கும் விகிதம். வித்ட்ராயல் ரேட் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒரு வருடச் செலவை மொத்த சேமிப்பால் வகுத்தால் இது கிடைக்கும். முதலாமவருக்கு 3 சதவீதம். இரண்டாமவருக்கு 10 சதவீதம்.

இந்த எண்ணை ஒரு தடவை கணக்கிட்டு மறந்துவிட்டால் பயனில்லை. வருடா வருடம் கவனிக்க வேண்டும். அதற்கான ஒர்க் ஷீட்டை எப்படி உருவாக்குவது என்று பார்ப்போம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

4 சதவீதக் கணக்கு

இந்த விஷயத்தைப் படிப்பவர்கள் எல்லோரும் 4 சதவீதம் என்ற எண்ணைச் சந்திப்பார்கள். இது அமெரிக்காவில் பிறந்தது. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1926 முதலான அமெரிக்கப் பங்குச் சந்தை, அரசு பாண்டு, விலைவாசி விவரங்களை எடுத்துக் கொண்டு கணக்குப் போட்டு, 1994-ல் வெளியிட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுக்க வேண்டும். அடுத்தடுத்த வருடங்களில் அதே தொகையை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூட்டி எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் மிக மோசமான காலகட்டத்திலும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியது என்று அவர் கண்டார். டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் 1998-ல் இதே போன்ற ஆய்வை வெளியிட்டார்கள். பெங்கன் தன் எண்ணை 2025-ல் 4.7 சதவீதமாக உயர்த்தினார்.

இதை நாம் அப்படியே எடுத்துக் கொள்ளலாமா? கூடாது. முதல் காரணம், இவை அமெரிக்க விவரங்கள். நம் நாட்டு விலைவாசி உயர்வு வேறு. இரண்டாவது, 30 ஆண்டு என்பது 65 வயதில் ஓய்வு பெறுபவருக்குப் பொருந்தும். 45 வயதில் வேலையை விடுபவரின் பணம் 45 அல்லது 50 ஆண்டுகள் தாங்க வேண்டும். ஆகவே நம் ஒர்க் ஷீட்டில் 3 சதவீதத்தை இலக்காக வைப்போம். இது சட்டமல்ல. பிறகு நீங்கள் மாற்றிக் கொள்ளலாம்.

ஷீட்டை உருவாக்குங்கள்

முதல் வரிசையில் ஏ1 முதல் இ1 வரை ஆண்டு, செலவு, சேமிப்பு, விகிதம், தேவை என்று தலைப்புகளைத் தட்டுங்கள். ஜி1 செல்லில் 3% என்று தட்டுங்கள். இரண்டாம் வரிசையிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் விவரத்தையும் கொடுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதச் செலவையும், மார்ச் 31 அன்று உள்ள சேமிப்பையும் எடுத்துக் கொள்ளுங்கள். எல்லா வருடமும் அதே தேதியாக இருக்கட்டும். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தின் கணக்கு:

2021: செலவு 4,80,000, சேமிப்பு 32,00,000
2022: செலவு 5,10,000, சேமிப்பு 40,80,000
2023: செலவு 5,40,000, சேமிப்பு 50,00,000
2024: செலவு 5,70,000, சேமிப்பு 60,00,000
2025: செலவு 6,00,000, சேமிப்பு 75,00,000

இப்பொழுது டி2 செல்லில் = குறியைத் தட்டுங்கள். பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். / குறியைத் தட்டி, சி2 செல்லைக் கிளிக் செய்து, என்டர் கீயை அழுத்துங்கள். 0.15 என்று விடை வரும். மறுபடியும் டி2 செல்லைத் தேர்வு செய்து, கண்ட்ரோல், ஷிப்ட், 5 ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். 15% என்று மாறிவிடும்.

அடுத்து இ2 செல்லில் = குறியைத் தட்டி, பி2 செல்லைக் கிளிக் செய்து, / குறியைத் தட்டி, ஜி1 செல்லைக் கிளிக் செய்யுங்கள். என்டர் கீயை அழுத்துவதற்கு முன் எஃப்4 கீயை ஒரு தடவை அழுத்துங்கள். ஜி1 என்பதில் இரண்டு டாலர் குறிகள் சேரும். ஃபார்முலாவை எங்கே நகல் எடுத்தாலும் ஜி1 மாறாமல் இருக்க இது அவசியம். பிறகு என்டர் கீயை அழுத்துங்கள்.

டி2, இ2 இரண்டையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுசால் பிடித்து ஆறாம் வரிசை வரை இழுங்கள். விகிதத்தில் ஒரு தசம இடம் தெரியும்படி இன்கிரீஸ் டெசிமல் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 15.0, 12.5, 10.8, 9.5, 8.0 என்று விகிதம் இறங்கி வருவதைப் பார்க்கலாம்.

இ பத்தியையும் கவனியுங்கள். 2021-ல் 1 கோடியே 60 லட்சமாக இருந்த தேவை, 2025-ல் 2 கோடியாகிவிட்டது. செலவு ஏற ஏற, அடைய வேண்டிய தொகையும் ஏறிக் கொண்டே போகிறது. சேமிப்பை மட்டும் பார்த்துக் கொண்டிருப்பவருக்கு இது தெரியாது.

செலவா, சேமிப்பா?

ஆறாம் வரிசையில் ஒரு சோதனை செய்யுங்கள். சேமிப்பில் மட்டும் 60,000 ரூபாயைக் கூட்டுங்கள். விகிதம் 7.9 சதவீதமாகும். அதை அழித்து, செலவில் மட்டும் 60,000 ரூபாயைக் குறையுங்கள். விகிதம் 7.2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதே தொகைதான், பலனோ வேறு. மாதம் 5,000 ரூபாய் செலவைக் குறைத்தால் அந்தப் பணம் சேமிப்பில் சேர்வதோடு, வருங்காலத் தேவையும் குறைகிறது.

வேலையை விட்ட பிறகு

விகிதம் இலக்கைத் தொட்டு, வேலையையும் விட்டாயிற்று. ஷீட்டை மூடிவிடலாமா? அப்பொழுதுதான் அது மிகவும் தேவை.

கணக்கு எளிதாக இருப்பதற்காக, 1 கோடி ரூபாயிலிருந்து ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 5 லட்சம் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். முதல் வருடம் முதலீடு 25 சதவீதம் ஏறுகிறது, அடுத்த வருடம் 10 சதவீதம் ஏறுகிறது, மூன்றாம் வருடம் 20 சதவீதம் விழுகிறது. முடிவில் கையில் 96 லட்சத்து 10 ஆயிரம் இருக்கும். இதே மூன்று வருடங்கள் தலைகீழாக வந்தால்? 91 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபாய்தான் மிஞ்சும். பணம் எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டிலும் ஒரே தொகைதான் வந்திருக்கும். ஓய்வு பெற்ற உடனே வரும் சரிவு அதிகம் பாதிக்கும் என்பது இதிலிருந்து புரியும்.

சரிவு முதலில் வந்தவரின் ஷீட்டைப் பாருங்கள். முதல் வருட முடிவில் அவரிடம் 76 லட்சம் இருக்கிறது. மறுபடியும் 5 லட்சம் எடுத்தால் விகிதம் 5 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாகிவிடும். என்ன செய்வது? ஜோனதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2006-ல் ஒரு வழி சொன்னார்கள். ஆரம்ப விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விகிதம் உயர்ந்துவிட்டால், எடுக்கும் தொகையில் 10 சதவீதத்தைக் குறைக்க வேண்டும். அதே அளவு கீழே இறங்கினால் 10 சதவீதம் கூட்டிக் கொள்ளலாம். இவருக்கு மேல் எல்லை 6 சதவீதம். அதைத் தாண்டியதால் நாலரை லட்சம் எடுக்க வேண்டும். விகிதம் 5.9 சதவீதத்துக்கு வந்துவிடும்.

எல்லையைத் தாண்டினால் கம்ப்யூட்டரே எச்சரிக்கும்படி செய்யலாம். டி பத்தியில் உள்ள எண்களைத் தேர்வு செய்யுங்கள். எக்செல்லில் ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று வரிசையாகக் கிளிக் செய்து, 6% என்று கொடுங்கள். கால்க் புரோகிராமில் ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல், பிறகு கண்டிஷன். வேலையில் இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. அவர்களின் விகிதம் மேலிருந்து இறங்கி வருவதுதான் இயல்பு.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

ஷீட் எவ்வளவு சரியாக இருந்தாலும், தவறான எண்களைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும்.

* நீங்கள் குடியிருக்கும் வீட்டைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். அதிலிருந்து மாதச் செலவுக்குப் பணம் எடுக்க முடியாது.
* அன்றாடம் அணியும் நகைகளும் அப்படியே.
* பி.பி.எஃப். கணக்கு முதிர்ச்சி அடைய 15 ஆண்டுகள் ஆகும். இது போல உடனே முழுமையாக எடுக்க முடியாத பணத்துக்கு ஒரு தனிப் பத்தி வைத்துக் கொள்ளுங்கள்.
* மாதா மாதம் வராத செலவுகளை விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் பிரீமியம், தீபாவளி, கல்யாண மொய், வண்டி ரிப்பேர், வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாம் செலவில் வர வேண்டும்.
* வேலையை விட்டால் கம்பெனி தரும் மருத்துவ இன்சூரன்ஸ் நின்றுவிடும். அதற்கான பிரீமியத்தை இப்பொழுதே செலவில் கூட்டிப் பாருங்கள்.
* வேலையை விட்ட பிறகும் வரும் வீட்டு வாடகை, பென்ஷன் ஆகியவற்றைச் செலவிலிருந்து கழித்துக் கொள்ளலாம்.
* டெபாசிட் வட்டியைக் கழிக்கக் கூடாது. அதை எடுத்துச் செலவு செய்வதும் சேமிப்பிலிருந்து எடுப்பதுதான்.

இன்னொன்று. ஏதாவது ஒரு வருடம் பங்குச் சந்தை வேகமாக ஏறியதால் விகிதம் சட்டென்று இறங்கலாம். அதைப் பார்த்தவுடன் ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். அதன் அருகில் ஒரு செல்லில் சேமிப்பை 20 சதவீதம் குறைத்து விகிதத்தைக் கணக்கிடுங்கள். 3 சதவீதமாக இருந்தது 3.75 ஆகும். அந்த விகிதத்திலும் உங்களால் சமாளிக்க முடியுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, இந்த ஃபைலில் உங்கள் குடும்பத்தின் முழு நிதி விவரமும் இருக்கிறது. எக்செல்லில் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்று சென்று பாஸ்வேர்டு கொடுத்துவிடுங்கள். கால்க் புரோகிராமில் சேவ் ஆஸ் விண்டோவிலேயே இந்த வசதி உள்ளது. பாஸ்வேர்டை மறந்தால் ஃபைலைத் திறக்க முடியாது. ஆகவே அதை உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ சொல்லி வையுங்கள். ஷீட்டைப் படிக்கவும் கற்றுக் கொடுங்கள். அந்தப் பணத்தில் வாழப் போவது அவரும்தான்.